ஏழு வருடமாக வீட்டில் தேன்பெட்டி: கொட்டுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த முகவலையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை

நேற்று சாயங்காலம் வலது கண்ணுக்குக் கீழே தேனீ ஒரு கொட்டு கொட்டிவிட்டது. இன்று காலை அந்தக் கண் பாதிதான் திறக்கிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் போன் செய்தார். "வீட்டுல ஒரு தேன்பெட்டி வைக்கலாம்னு இருக்கேன். நீங்க ஏழு வருஷமா வச்சிருக்கீங்களே, எப்படி?" என்றார். அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருப்பேன். அவருக்கும் அவரைப்போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் வீடு. பின்னால் பத்து சென்ட் இடம், அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டம். 2019 ஜனவரியில் நியூட்டன் பெட்டி என்கிற சின்ன மரத் தேன்பெட்டி ஒன்று, இந்தியத் தேனீக் குடும்பத்தோடு வாங்கினேன். இப்போது மூன்று பெட்டிகள். பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. பலகை இன்னும் பத்து வருடம் தாங்கும்.

என் கோபமெல்லாம், முகத்தில் கொட்டு விழாமல் இருக்கப் பெட்டியோடு கொடுத்த முகவலை மேல்தான். அதன் கழுத்து எலாஸ்டிக் ஆறே மாதத்தில் தொளதொளத்துவிட்டது. தொப்பியின் விளிம்பு சின்னது என்பதால் வலை மூக்கிலும் காதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் வலைக்கு வெளியே இருந்தபடியே தேனீ கொட்டும். விற்றவரிடம் சொன்னேன். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். இரண்டாவது வலை வாங்கினேன், அதே தையல், அதே எலாஸ்டிக். முகத்தைக் காக்க வேண்டிய பொருளை இவ்வளவு அலட்சியமாகத் தைக்க எப்படி மனசு வருகிறதோ. கடைசியில் அகலமான பனையோலைத் தொப்பியை உள்ளே வைத்து, கழுத்தில் நாடாக் கயிறு கோத்துக் கட்டி நானே சரிசெய்தேன். நேற்று அந்தக் கயிற்றைச் சரியாக இறுக்கவில்லை. ஒரு தேனீ உள்ளே வந்துவிட்டது.

தேனீ வலைக்குள் வந்துவிட்டால் அங்கேயே வலையைத் தூக்கக் கூடாது. இருபதடி தள்ளிப் போய்த்தான் தூக்க வேண்டும். ஏழு வருடம் தெரிந்த விஷயம். ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் ரீங்காரம் கேட்கும்போது கை தானாக மேலே போய்விடுகிறது.

கொட்டும் வலியைப் பற்றி முதலில் நான் நம்பியது, பழகிவிட்டால் வலிக்காது என்பது. அப்பாவைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அவர் பதினான்கு பெட்டிகள் வைத்திருந்தார். முகவலை போட்டு நான் பார்த்ததே இல்லை. கொட்டினால் நகத்தால் கொடுக்கை வழித்து எறிந்துவிட்டு தேனடை கட்டிய அடுத்த சட்டத்தைத் தூக்குவார். 1991-92இல் தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்க அடித்தபோது, புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகி அடையின் அறைக்குள்ளேயே செத்தன. ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. காலிப் பெட்டிகள் விறகுப் புரையில் வருடக்கணக்காகக் கிடந்தன. திரும்ப ஒரு பெட்டி வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

எனக்கு வலி இன்றைக்கும் முதல் நாள் வலித்த மாதிரியேதான் வலிக்கிறது. குறைந்தது வீக்கம் மட்டும்தான். முதல் வருடம் விரலில் கொட்டினால் முழங்கை வரை வீங்கி மூன்று நாள் அரிக்கும். இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்து ராத்திரிக்குள் அடங்கிவிடும். கண்ணைச் சுற்றி மட்டும் அந்தப் பழக்கமெல்லாம் செல்லாது. அங்கே தோல் மெல்லியது, எப்போது கொட்டினாலும் வீங்கும்.

கொட்டியவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொடுக்கை எடுப்பது. அதில் முள் இருப்பதால் நம் தோலிலேயே தங்கிவிடும். தேனீ போன பிறகும் அதோடு ஒட்டிய விஷப்பை துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். கத்தியைத் தேடி ஓட வேண்டாம், கிள்ளி எடுத்தாலும் சரி, வழித்து எடுத்தாலும் சரி, சில நொடிகளுக்குள் எடுக்க வேண்டும். அப்புறம் அந்த இடத்தைக் கழுவி ஐஸ் வைக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே சுண்ணாம்போடு ஓடி வந்தார். விஷம் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே தடவும் சுண்ணாம்பு அதைத் தொடப் போவதில்லை. கண் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத்தான் கேடு.

கொடுக்கு இறங்கிய இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், நல்ல பழுத்த வாழைப்பழ வாசனை. மற்ற தேனீக்களுக்கு அதுதான் அபாய அழைப்பு. அதே இடத்தில் இரண்டாவது கொட்டு விழுவது அதனால்தான். அந்த இடத்தில் உடனே புகை காட்டினால் வாசனை அவற்றுக்கு எட்டாது. பெட்டி திறக்கும் நாளில் நான் வாழைப்பழமே சாப்பிடுவதில்லை. குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நேற்று கொட்டியதில் தேனீயின் தப்பு எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் தீனி இல்லை, சர்க்கரைக் கரைசல் வைக்க வேண்டியிருந்தது. மூடாக்கான சாயங்காலம், வெளியே போக வேண்டிய தேனீக்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. பெட்டி திறக்க ஏற்றது வெயில் ஏறிய காலை ஒன்பது, பத்து மணிதான். அப்போது வயதான தேனீக்கள் தீனிக்குப் போயிருக்கும், கொட்டுவது பெரும்பாலும் அவைதான்.

நண்பரிடம் போனில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாலு வருடம் முன்பு என் மைத்துனர் கொடியில் துணி எடுக்கப் போனபோது மணிக்கட்டில் ஒரே ஒரு கொட்டு. பத்து நிமிடத்தில் வயிறெல்லாம் தடிப்பு, குரல் கம்மியது, மூச்சு இழுத்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது, எனக்கும். கொட்டிய இடம் வீங்கினால் பயப்பட வேண்டாம். கொட்டாத இடத்தில் தடிப்பு வந்தாலோ, நாக்கு தடித்தாலோ, மூச்சு திணறினாலோ, தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். முன்பு பத்து தடவை கொட்டு வாங்கி ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் இப்படி ஆகலாம். அதற்குப் பிறகு பெட்டியை ஒரு நாளைக்கு ஓரடி, இரண்டடியாக நகர்த்திக் கொல்லையின் கடைசிக்குக் கொண்டுபோனேன். பெட்டியின் வாசலுக்கு முன்னால் ஆளுயரத்துக்குச் செம்பருத்தி வேலி வைத்தேன். தேனீ இப்போது தலைக்கு மேலே ஏறித்தான் பறக்கிறது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் ஏன் வைத்திருக்கிறேன்? தேனுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தேன் வரத்தான் செய்கிறது. மாசி, பங்குனியில் ரப்பர் புதுத்தளிர் விடும்போது, மூன்று இலை கூடும் காம்பில் தேன் சுரக்கும். பூவே தேவையில்லை. சீக்கிரம் உறைந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் அந்தத் தேனை, கலப்படம் என்று சொல்லித் திருப்பித் தந்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பதம்தான்.

ஆனால் நான் எதிர்பாராமல் கிடைத்தது வேறு. பெட்டியின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான தேனீக்களும் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று சீறி ஒரே நேரத்தில் நிறுத்தும். ஒரு உடம்பு மூச்சு விடுவது போல இருக்கும். குடும்பம் நன்றாக இருந்தால் சீறல் கனமாக இருக்கும், மெலிந்திருந்தால் அதுவும் மெலிந்து கேட்கும். தினமும் காலையில் பல் துலக்கும் முன் மூன்று பெட்டியிலும் காது வைத்துவிட்டுத்தான் வருகிறேன். அப்பாவும் பெட்டிமேல் காது வைத்து நிற்பார். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இப்போது நண்பருக்குப் பதில். அவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கொல்லையே கிடையாது, மொட்டை மாடிதான், அங்கேதான் துணி காயப்போடுகிறார்கள். நீங்கள் வாங்க வேண்டாம். இரக்கமில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் யாராவது வந்து மூன்று பெட்டியையும் இரட்டை விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு வாருங்கள். குழந்தை வீட்டுக்குள் இருக்கட்டும், நீங்கள் வந்து பெட்டியில் காது வையுங்கள். அதற்குள் ஒழுங்கான முகவலை ஒன்று தையற்காரரிடம் சொல்லித் தைத்துவைக்கிறேன்.