டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பைப் மேல இருக்கிற எழுத்தைப் படிங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு நம்ம கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கம் யாராச்சும் வீட்டு வேலை ஆரம்பிச்சிருந்தா இதைப் படிச்சுட்டுப் போங்க. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு பிளம்பர் எங்க வீட்டுல, ஒரு இஞ்ச் பைப்புக்குக் காசு வாங்கிட்டு அரை இஞ்ச் பைப்பைச் சுவத்துக்குள்ள புதைச்சுட்டுப் போயிட்டார்.

பேசினது இதுதான். டேங்க்ல இருந்து ஒன்னேகால் இஞ்ச், பாத்ரூமுக்கு இறங்குற லைன் ஒரு இஞ்ச், உள்ள முக்கால், குழாய் பாயிண்டுக்கு மட்டும் அரை. மொட்டை மாடியில ஏறிப் பார்த்தா குறையே சொல்ல முடியாது. தடி பைப், பெரிய வால்வு. சன்ஷேடுக்குக் கீழே பூச்சுக்குள்ள நுழையுற இடத்துலதான் ரெடியூசர் போட்டு அரை இஞ்சுக்கு இறக்கியிருக்கார்.

குடி வந்த பிறகு, கிச்சன்ல குழாயைத் திறந்தா ஷவர்ல தண்ணி நூலாயிடும். கூப்பிட்டோம். அழுத்தத்தை முள்ளுல காட்டுற பிரஷர் கேஜைக் குழாய்ல மாட்டிக் காட்டினார். “பைப்புல ஒரு குத்தமும் இல்லீங்ண்ணா, உங்க டேங்க் உயரத்துக்கு இவ்வளவுதான் வரும். பிரஷர் பம்ப் வெச்சுடலாம்.” பம்பும் அவரே வாங்கித் தருவாராம்!

அந்த கேஜ் விஷயம் முக்கியம். தண்ணி ஓடாம நிக்கிறப்போ முள் காட்டுறது டேங்க் தண்ணியோட உயரத்தை மட்டும்தான். பத்தடி உயரத்துக்குச் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.3 கிலோ அழுத்தம். பைப் அரை இஞ்சா நாலு இஞ்சான்னு அதுக்குத் தெரியாது. முள்ளைப் பார்த்துக்கிட்டே அதே லைன்ல இன்னொரு குழாயைத் திறக்கணும். சடார்னு விழுந்தா, வழியில எங்கேயோ பைப் சிறுத்திருக்கு, இல்லேன்னா அடைப்பு.

பாலக்காட்டுச் சித்தூர்ல இருந்து வேற ஒரு பிளம்பர் வந்து ஒரு டைலைப் பெயர்த்தார். சிமெண்டைத் துணியால துடைச்சதும் பைப் மேல 15 மி.மீ.ன்னு அச்சு. “இது அர இஞ்சாணு சேட்டா”ன்னார், அவ்வளவுதான்.

பழையவர்கிட்ட போன்ல கேட்டா, “சின்ன பைப்னாதாங்ண்ணா ஃபோர்ஸா வரும், ஓஸ் வாயை அமுக்கினா பீச்சுறதில்லீங்களா?” ஓஸ் பீச்சுறது வாயை மட்டும் அமுக்குறதால. முழு நீளமும் சிறுத்துட்டா உரசல்லயே அழுத்தம் போயிடும். அரை இஞ்ச் சி.பி.வி.சி. (வீட்டுத் தண்ணி லைனுக்குப் போடுற பிளாஸ்டிக்) பைப்போட உள்வாய் 12 மி.மீ. ஒட்டித்தான் இருக்கும், முக்கால் இஞ்சுக்கு 18 வரும். பார்க்க சின்ன வித்தியாசம். ஆனா அதே தண்ணியை அதே தூரம் கொண்டுபோக, அரை இஞ்சுல ஆறேழு மடங்கு அழுத்தம் வீணாகும். டேங்க்ல இருந்து சும்மா இறங்குற தண்ணிக்கு இருக்கிறதே கொஞ்சூண்டு அழுத்தம், அதுல ஆறேழு மடங்கு எங்கே போய் வாங்குறது? போதாததுக்கு எல்போவும் (பைப் திரும்புற இடத்து மூட்டு) வால்வும் தனியா உறிஞ்சும்.

பணம் திரும்ப வரலை. சாமான் பில் கேட்டா, “அந்தப் பக்கத்துக் கடையில மொத்தமா எடுத்தது, பில் இல்லீங்க.” வீடு கேரளாவுல, கடை தமிழ்நாட்டுல, கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாம எங்கே போய்ப் புகார் கொடுக்குறது? எல்லை தாண்டி வேலைக்கு வர்ற நல்ல ஆளுங்களும் நிறைய இருக்காங்க, அவங்களைச் சொல்லலை. ஆனா பைப் அளவும் எத்தனை மீட்டர் நீளம்ங்கிறதும் தனித்தனியா எழுதின பில்லை யார்கிட்டயும் கேட்டு வாங்குங்க. பூச்சு பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லைன்லயும் அச்சு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, மாடியில தெரியுறதை மட்டும் எடுத்துட்டு விட்டுடாதீங்க. பாக்கிக் காசுல ஒரு பங்கை, ரெண்டு மூணு குழாயை ஒண்ணா திறந்து பார்த்த பிறகு கொடுங்க.

எங்க வீட்டுல பாத்ரூம் லைனை மட்டும் ஒரு இஞ்சுக்கு மாத்தியாச்சு, பம்ப் இல்லாமலே ஷவர் நல்லா வருது. கிச்சன்ல கிரானைட்டை உடைக்கணும், அதுக்கு இன்னும் காசு சேரலை.