வணக்கமும் நன்றியும் சொல்லிக்கொடுத்த கடை

இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் டவுனில், இந்தியாவுக்குப் பயண ஏற்பாடு செய்துகொடுக்கும் கடைகள் பல இருக்கின்றன. போன ஆகஸ்ட் லீவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்தடவையாகத் தமிழ்நாடு போய்வந்தேன். ஏற்பாடு முழுவதும் அதில் ஒரு கடைதான். குறையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பயணத்திட்டம் எல்லாவற்றுக்கும் சேவைக் கட்டணமாக ஆளுக்கு 7,500 ரூபாய் வாங்கினார்கள்.

முதலில் அந்தக் காசு எங்கே உழைத்தது என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதம். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, கல்யாணப் பத்திரத்தில் வெறும் லச்சுமி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பாதிப் பேருக்கு இதுதான் கதை, எழுதினவரின் காதில் விழுந்ததுதான் பெயர். கடையிலிருந்த தம்பி மூன்றையும் மேசையில் விரித்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தான். "டீச்சர், இதோட கண்டிக்குப் போனா திருப்பி அனுப்புவாங்க. முதல்ல இதைத் திருத்துவோம்" என்றான். எந்த அலுவலகத்துக்கு எந்தப் பத்திரம், எத்தனை பிரதி என்று ஒரு துண்டில் எழுதியும் கொடுத்தான். ஒரு மாதம் இழுத்தது. ஆனால் கண்டி பாஸ்போர்ட் அலுவலகத்தில் அம்மா கைரேகை வைத்துவிட்டு வெளியே வரும்வரை யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை.

விசா இணையத்தில்தான். இந்திய அரசின் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் தளங்கள் இருப்பதால், தெரிந்தவர் ஒருவரை வைத்துச் செய்வது நல்லது. படிவத்தில் அப்பா, அம்மா பிறந்த ஊர் கேட்பார்கள், உடம்பில் உள்ள அடையாளம் கேட்பார்கள், தாத்தா பாட்டி யாராவது பாகிஸ்தான்காரரா என்றும் கேட்பார்கள். தம்பி அதை வாசித்ததும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாங்க தொறையூர்க்காரவுங்கப்பா!"

படிவத்தில் அடுத்த கட்டம், அம்மாவுடைய அப்பா எந்த நாட்டுப் பிரஜை என்பது. தாத்தா தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் பிறந்து, கைப்பிள்ளையாக இங்கே வந்தவர். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் பிரஜையாகச் சேர்க்காமல் விட்டுவிட்டது. எங்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு மனுப் போட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே 1972-ல் செத்துப்போனார். எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. தம்பி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "இங்க வர்ற வயசானவங்க எல்லாருக்கும் இந்த இடத்துலதான் நிக்கும் டீச்சர்" என்றான். அவசரப்படுத்தவில்லை. அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, தாத்தா பிறந்த ஊரைக் கேட்டு, அதை வைத்து நிரப்பினான். கொழும்பில் ஒரு பெரிய ஆபீசில் இதற்குப் பிளேன்டீ கிடைத்திருக்குமா, தெரியாது.

இன்னொரு நல்ல வேலையும் செய்தான். மாமா 2012-ல் போய்வந்த மிச்சமென்று இந்திய ஆயிரம் ரூபாய்த் தாள் ஐந்தைப் பத்திரமாகக் கொடுத்திருந்தார். அவை 2016-லேயே செல்லாமல் போய்விட்டன என்று சொல்லி எடுத்து வைத்தான். மாமா இன்னும் நம்பவில்லை.

இனிக் குறை. பயண ஆயத்தம் என்று அச்சடித்த தாள் ஒன்று தந்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு எழுதியதை யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். 'உள்ளூர் மொழியில் வணக்கம், நன்றி போன்ற சில சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று அதில் இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று ராத்திரி முழுக்கச் சிரித்தார்.

சரி, சிரிப்பு வேறு. உண்மையில் தேவையான எதுவும் அதில் இல்லை. எங்கள் வீட்டுச் சார்ஜருக்குச் சதுரக் கால், அங்கே சுவரில் உருண்டை ஓட்டை. திருச்சியில் இறங்கின அன்றைக்கே போன் செத்துப்போனது. கடைகளிலும் ஆட்டோவிலும் எல்லாரும் போனைக் காட்டித்தான் காசு கட்டுகிறார்கள். நம்மிடம் தாள்தான், 500-ஐ நீட்டினால் சில்லறை இல்லை என்று முகத்தைப் பார்க்கிறார்கள். சொல்லும் கொஞ்சம் இடறும். பிரெட்டைப் பாண் என்றால் விளங்காது, தண்ணிப் போத்தல் என்றால் இரண்டு தரம் கேட்பார்கள். பிளேன்டீ கேட்டால் பால் ஊற்றித்தான் வரும். அம்மா குடித்துப் பார்த்துவிட்டு "டஸ்ட்டு" என்று, தேயிலையின் கடைசித் தூளைச் சொல்லும் ஒரே சொல்லில் முடித்தார்.

பயணத்திட்டம்தான் மோசம். மதுரை மீனாட்சி கோயிலுக்குப் பகல் ஒரு மணி என்று போட்டிருந்தார்கள். அங்கே மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தென்னாட்டுப் பெரிய கோயில்கள் பலவும் அப்படித்தானாம். ஹட்டனில் வளர்ந்த உடம்போடு அந்த வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். பிறகு வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2018-ல் கோயிலில் தீப்பிடித்ததிலிருந்து உள்ளே போன் கிடையாது. ஹோட்டல் முகவரி, வேன்காரரின் நம்பர் எல்லாம் போனுக்குள். உள்ளே கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டேன். அரை மணி நேரம் பைத்தியம் மாதிரி அலைந்து பார்த்தால், பொற்றாமரைக் குளத்துப் படியில் காலை நீட்டிக்கொண்டு, யாரோ ஒரு சேலத்துக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆகவே முகவரியைத் தாளில் எழுதி, ஆளுக்கொன்று மடியில் வையுங்கள். தொலைந்தால் எங்கே சந்திப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

'பருத்தி உடைகள் மட்டும் போதும்' என்றும் அந்தத் தாள் சொன்னது. அம்மா எனக்குத் தெரியாமல் இரண்டு சுவெட்டரை அடியில் வைத்துவிட்டார். கடைசி மூன்று நாள் கோத்தகிரியில், பெரியம்மா வீட்டில். அந்த 1964 ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போய், அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார் பெரியம்மா. குளிர் நம்ம ஊர்க் குளிர். அந்த இரண்டாவது சுவெட்டர் எனக்குத்தான் என்று அங்கேதான் தெரிந்தது.

திரும்பி வந்து கடைத் தம்பியைப் பார்க்கப் போனேன். "தாள்ல என்ன சேர்க்கணும் டீச்சர்?" என்று பேனாவை எடுத்தான். பிளக், கோயில் நேரம், போன், சுவெட்டர் என்று சொன்னேன். நாலையும் எழுதிக்கொண்டான். போன வாரம் என் கூடப்பிறந்த தம்பியின் மகனுடைய பாஸ்போர்ட்டுக்காக அதே கடைக்குப் போனபோது, கடைத் தம்பி புதுத் தாளைக் காட்டினான். நாலும் இருக்கிறது. வணக்கம், நன்றியும் அப்படியே இருக்கிறது.