நியோசிட்டீஸ்: இஷ்டத்துக்கு வெப்சைட் கட்டணும்னா தாராளமா போகலாம், ஆனா...

இப்பல்லாம் எந்த வெப்சைட்ட திறந்தாலும் மேல ஒரு பெரிய படம், நடுவுல ஒரு பட்டன், கீழ மூணு கட்டம், லோகோவ மறைச்சுட்டா எது பேங்க் எது பிரியாணி கடைன்னே தெரியல. அதுல சலிச்சு போனவங்களுக்கு நியோசிட்டீஸ் செமயான எடம், நாமளே கட்டின வெப்சைட்ட ஏத்தி வெக்க எடம் குடுக்கற சர்வீஸ் இது. ஆளாளுக்கு சொந்தமா வெப்பேஜ் போட்டுக்கிட்டிருந்த ஜியோசிட்டீஸ 2009ல யாஹூ இழுத்து மூடுச்சுல்ல, அதே பாணில 2013ல கைல் டிரேக் ஆரம்பிச்சது. ஃப்ரீ அக்கவுண்ட்டுக்கே 1 ஜிபி, விளம்பரம் கிடையாது, பிரவுசர்லயே எடிட்டர் இருக்கு. மாசம் 5 டாலர் கட்டினா சொந்த டொமைன், அதாவது நமக்குன்னு தனி வெப் முகவரி, போட்டுக்கலாம்.

இப்படித்தான் இருக்கணும்னு எந்த டிசைனையும் நம்ம தலைல கட்ட மாட்டாங்க. அங்க இருக்கற மத்த சைட்டுங்கள சும்மா மேஞ்சு பாருங்க, மவுஸ் பின்னாடியே ஓடி வர்ற நட்சத்திரம், மின்னுற ஜிஃப், ஒவ்வொண்ணும் ஒரு தினுசு, பாக்கவே குஷியா இருக்கும். ஆனா சிலதுல அடுத்த பக்கம் போனா இடது பக்கம் இருந்த மெனு வலது பக்கம் தாவிடுது, எது லிங்க் எது சாதா எழுத்துன்னு தடவி தடவி பாக்க வேண்டியிருக்கு. கலை தான், ஒத்துக்கறேன், அதுக்காக வர்றவன் வழி தெரியாம முழிக்கணுமா?

அலங்காரத்துல எவ்ளோ வேணா ஆடுங்க, கை பழகின விஷயத்த மட்டும் மாத்தாதீங்க, அவ்ளோ தான். மெனு எல்லா பக்கத்துலயும் ஒரே எடத்துல இருக்கட்டும், லிங்க்குக்கு அடிக்கோடு இருக்கட்டும், எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5:1க்கு கீழ போக வேணாம். இத செஞ்சா கற்பனை செத்துடும்னு சொல்றவங்க சிஎஸ்எஸ் ஜென் கார்டன்ங்கற சைட்ட பாருங்க, 2003ல டேவ் ஷே ஆரம்பிச்சது, பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்ற எச்டிஎம்எல்ல ஒரு எழுத்து கூட மாத்தாம, அது எப்படி தெரியணும்னு சொல்ற சிஎஸ்எஸ்ஸ வெச்சே ஆளாளுக்கு என்னென்னமோ பண்ணி வெச்சிருக்காங்க.

கஷ்டம் எங்கன்னா இங்க வெறும் ஸ்டாடிக் ஃபைல் தான், அதாவது ஏத்தினத அப்படியே காட்டும், சர்வர்லயே பக்கத்த உருவாக்கற பிஎச்பி மாதிரி எதுவும் ஓடாது, அதனால மெனுல ஒரு ஐட்டம் சேத்தாலும் ஒவ்வொரு பக்கமா போய் கையால மாத்தணும், ஒண்ணு விட்டாலும் சைட் முன்னுக்குப் பின் முரணா நிக்கும். எலெவன்ட்டி, ஹியூகோ மாதிரி எல்லா பக்கத்தையும் மொத்தமா உருவாக்கி குடுக்கற டூல் ஏதாவது ஒண்ண வெச்சு நம்ம கம்ப்யூட்டர்லயே பில்ட் பண்ணி ஏத்திடறது உத்தமம். கலர், ஃபாண்ட் எல்லாம் ஒரே சிஎஸ்எஸ் ஃபைல்ல வேரியபிளா வெச்சுக்கோங்க, ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறிடும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு தனியா ஒண்ணு. அந்த கேம் ஸ்டைல் பிக்சல் ஃபாண்ட்ல பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது, இங்கிலீஷ் மட்டும் ஸ்டைலா வந்து தமிழ் வரி போன்ல இருக்கற ஏதோ ஒரு ஃபாண்ட்ல வந்து விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு தமிழ் ஃபாண்ட்ட நீங்களே ஏத்தி விடுங்க, வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமா குடுங்க.

கவிதை, படம், சொந்த கிறுக்கல் போட நல்ல எடம். ஆர்டர், பேமெண்ட் எல்லாம் சைட்டுக்குள்ளயே ஓடணும்னா வேற எடம் பாத்துக்கோங்க. எம்பி3, வீடியோ ஏத்தணும்னாலும் காசு கட்டித்தான் ஆகணும்.