மாதோட்டத்தில் "பழைய நகர நடை" என்று முற்பணம் கேட்டால் போடாதீர்கள்

மன்னார்ப் பக்கம் முதுகுப்பையோடு போய் ஒரு நாள் நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். எங்களுக்கு ஒரு நாளில் 46,000 ரூபா போனது. காசைவிட அதிகமாக நெஞ்சில் நிற்கிற விஷயங்களும் அன்று நடந்தன. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி. போன ஆவணி விடுமுறைக்கு என் மச்சாள் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தா. நல்லூர், கீரிமலை எல்லாம் பார்த்தாயிற்று, வன்னிக்குள்ளேயே பழைய இடம் ஏதாவது காட்டு என்று கேட்டா. எனக்கு உடனே மாதோட்டம்தான் ஞாபகம் வந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், பாலாவித் தீர்த்தம், ஒரு காலத்தில் சீனாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல் வந்துபோன துறைமுக நகரம். பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, ஒருநாளும் ஆறுதலாக நடந்து பார்த்ததில்லை. முல்லைத்தீவிலிருந்து இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்தார்கள். மொத்தம் நாலு பெண்கள்.

வழிகாட்டி ஒருவர் இருந்தால் நல்லது என்று பேஸ்புக்கில் தேடியபோது ஒரு பக்கம் கிடைத்தது. "மாந்தை மன்னர் காலத்து வீதிகளில் ஒரு நாள் நடை" என்று போட்டிருந்தார்கள். மாந்தை என்பது மாதோட்டத்துக்கு இன்னொரு பெயர். வவுனியா பஸ் நிலையத்திலிருந்து வான், வழிகாட்டி, தண்ணீர், மத்தியானம் மன்னார் மீன் சாப்பாடு, பின்னேரம் மன்னார்க் கோட்டையும் பெருக்க மரமும் (பாவோபாப்). ஆளுக்கு 7,500 ரூபா. பாதியை வங்கிக் கணக்குக்கு முதலில் போட வேண்டும். கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் சின்ன இடம், புதிதாகத் தொடங்கியிருப்பார்கள், நம்மடை ஆட்கள்தானே என்று 15,000 ரூபாவைப் போட்டேன்.

காலையில் வான் நேரத்துக்கு வந்தது. வழிகாட்டி முப்பது முப்பத்தைந்து வயது ஆள், நல்ல பேச்சு. ஏறின உடனேயே, "தங்கச்சி, மிச்சக் காசை இப்பவே தந்தால் சாப்பாட்டுக்குச் சொல்லலாம்" என்றார். கொடுத்தோம். பாலாவிக் கரையில் இறங்கியதும் எங்கள் நாலு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். கோயில் கும்பிட்டு வெளியே வந்தபோது, "இனி நாங்கள் போகிற இடம் தொல்பொருள் காணி, ஆளுக்கு ஆயிரம் அனுமதிக் கட்டணம்" என்றார். அதையும் கொடுத்தோம். பற்றுச்சீட்டு கேட்டதற்கு ஒரு கொப்பித் தாளில் 4,000 என்று எழுதி, வாசிக்க முடியாத ஒரு முத்திரையைக் குத்தித் தந்தார். எந்தத் திணைக்களத்தின் பெயரும் அதில் இல்லை.

பிறகு எனக்கு இன்றுவரை ஆறாத ஒரு விஷயம் நடந்தது. பற்றைக்காட்டு ஓரமாக ஒரு நீண்ட மண் மேட்டைக் காட்டி, "இதுதான் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின நகரத்து மதில்" என்றார். மச்சாள் கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கினா. நான் அந்த மேட்டைப் பார்த்தேன். பக்கத்தில் குழி, மேலே உக்கிப்போன உரப்பைத் துண்டு, ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிய வாட்டம். 2008இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட பிள்ளைகளுக்கு, குண்டுக்கு மறைவாகக் குவிக்கிற மண் அணை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை அணைகளுக்குப் பின்னால் குனிந்து இருந்திருக்கிறோம். "அண்ணை, இது சண்டைக் காலத்து அணை" என்றேன். "உங்களுக்குச் சரித்திரம் தெரியாது தங்கச்சி, பேசாமல் வாங்கோ" என்றார். முல்லைத்தீவுச் சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டாரா? கொஞ்சத் தூரத்தில், எலும்புக்கூடு வந்த இடம் என்று சிரித்துக்கொண்டு பேய்க்கதை சொல்லத் தொடங்கினார். 2013 மார்கழியில் திருக்கேதீச்சரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வந்ததும், பிறகு 80க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காணாமல்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் இருக்கிற அம்மாக்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அதைச் சுற்றுலாக்காரருக்குப் பேய்க்கதையாக விற்கிற ஒருவரோடு மேலும் நடக்க எனக்கு மனமே இல்லை. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். மச்சாளின் நாள் பழுதாகிவிடும் என்று பேசாமல் நடந்தேன்.

அப்புறம் காசுக் கதை. ஒரு மர நிழலில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து சின்னப் பிளாஸ்ரிக் பை ஒன்றை எடுத்தார். பச்சை படிந்த செப்புக் காசுகள். ஒரு பக்கம் ஆள் நிற்கிற உருவம், மறு பக்கம் இருக்கிற உருவம். "இராசராச சோழன் காசு. மழைக்குப் பிறகு இந்த மண்ணில் கிளம்பும். கொழும்பில் ஒன்று முப்பதாயிரம் போகும். அக்கா கனடாவிலிருந்து வந்தவா, அதனால் ஒன்று எட்டாயிரத்துக்குத் தாறன்." பேரம் பேசி மச்சாள் இரண்டு காசு 12,000 ரூபாவுக்கு வாங்கினா. நான் தடுத்தேன். "ஊர் ஞாபகமாய் ஒன்று இருக்கட்டுமடி" என்று சொன்னா. பதினேழு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த மனுஷி, அதைக் கேட்டபிறகு நான் என்ன சொல்ல?

ஒரு மணி தாண்டியதும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு வானையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். கைத்தொலைபேசி ஓய்ந்திருந்தது. ஆவணி மாதத்து மன்னார் வெயில், சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிறது. எங்களிடம் இருந்தது ஒன்றரைப் போத்தல் தண்ணீர். இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டுப் பெரிய ரோட்டுக்கு நடந்தோம். மச்சாளுக்குத் தலைசுற்றி ஒருதரம் நிலத்தில் இருந்துவிட்டா. ரோட்டோரத்துச் சின்னக் கடை அம்மா எங்களைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்து, மச்சாளின் காலை நனைத்துவிட்டா. காசு நீட்டினதற்கு, "போங்கோ பிள்ளையள், தண்ணிக்குக் காசு வாங்கிறதே" என்று கோபித்தா. பஸ் பிடித்து வவுனியா வந்து சேர இருட்டிவிட்டது. அடுத்த நாள் அந்தப் பேஸ்புக் பக்கம் என்னைத் தடை செய்திருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு காசையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சொட்டை. விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சின் கோடு. பழைய காசு சேர்க்கிற ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன், கையில் எடுத்த உடனேயே, "ஒரே அச்சில் வார்த்தது பிள்ளை" என்றார். பச்சையும் பூசினதுதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. அது உண்மையான காசாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அப்படியான பொருட்களை அனுமதியில்லாமல் தோண்டுவதும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். மச்சாள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருப்பா. விற்றவர் அந்த நேரம் எங்கோ ஒரு மூலையில் இருந்திருப்பார்.

இந்த இடத்து மண்ணை ஏன் ஒருவரும் தொடக்கூடாது என்பதை நான் பிறகுதான் தேடி வாசித்து விளங்கிக்கொண்டேன். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரின் குழு மாந்தையில் அகழ்வு செய்தது, சண்டையால் வேலை நின்றுபோனது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு திரும்ப வந்து தோண்டியவர்கள் மண்ணை அரித்து எடுத்த தானியங்களுக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரேயொரு கராம்பு கிடைத்தது. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது. கராம்பு அந்தக் காலத்தில் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில்தான். அங்கிருந்து கடல் கடந்து மாதோட்டத்துக்கு வந்து, யாரோ ஒருவரின் கையிலிருந்து விழுந்த ஒரு கராம்பு! அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரிந்ததால்தான் அதன் வயதையும் சொல்ல முடிந்தது. நாலு பேர் காசு தேடிக் கிண்டிப்போட்ட மண்ணில் அப்படி ஒன்றையும் வாசிக்க முடியாது. போலிக் காசு வாங்கினால் நம் பணம்தான் போகும். உண்மைக் காசு வாங்கினால், அடுத்த ஆள் மண்வெட்டியோடு போவதற்கு நாங்களே கூலி கொடுத்தமாதிரி.

முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பணம் போட்ட சிட்டை, வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கொப்பித் தாள், இரண்டு காசு எல்லாவற்றையும் பொலிஸில் ஒப்படைத்தோம். இப்படி யாருக்காவது நடந்தால் அந்தத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். சுற்றுலா சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1912 என்ற இலக்கமும் இருக்கிறது. இலங்கையில் வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதி அட்டை கொடுக்கிறது. வானில் ஏறமுதலே அதைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் என்றால் கோபிக்க மாட்டார். தனிநபர் கணக்குக்கு முற்பணம், ஏறின உடனே மிச்சப் பணம், இடத்துக்கு வந்தபிறகு புதுக் கட்டணம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள்.

ஐப்பசி தொடக்கத்தில், மழைக்கு முதல், நானும் தம்பியும் திரும்பப் போனோம். அந்த ஊரை அந்த ஆளின் முகத்தோடு ஞாபகம் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. பரந்தனிலிருந்து பூநகரி போய், யாழ்ப்பாணம்–மன்னார் பஸ்ஸில் ஏறி, திருக்கேதீச்சரம் போகிற சந்தியில் இறங்கி நடந்தோம். கோயிலுக்குள் போக ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. வெளியே மேட்டுப் பக்கம் வாயிலும் இல்லை, சீட்டுக் கிழிக்க ஆளும் இல்லை. கோயிலடியில் பூ விற்கிற ஐயா ஒருவரிடம் பழைய நகரம் எது என்று கேட்டேன். "நீங்கள் நிற்கிறதே அதுக்கு மேலதான் பிள்ளை" என்றார். குதிரை லாடம் போல வளைந்த மேடு, அதைச் சுற்றி இரட்டை அகழி, நடுவில்தான் கோயில். அகழி இப்போது தாழ்ந்த பள்ளமாகத்தான் தெரியும், சொன்னால்தான் விளங்கும். போன தடவை அந்த ஆள் எங்களைக் கூட்டிக்கொண்டு அதைக் கடந்து போய்த்தான் மண் அணையைக் காட்டினார். நிலம் முழுக்க மட்பாண்ட ஓட்டுத் துண்டுகள். குனிந்து பார்த்தோம், ஒன்றையும் எடுக்கவில்லை.

போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கல்லால்தான் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள் என்று ஐயா சொன்னார், இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கோட்டைக்கு இங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும், வெயிலில் பாலத்தால் நடக்க வேண்டாம், பஸ்ஸில் போங்கள். பள்ளிமுனைப் பெருக்க மரத்தை நகரத்திலிருந்து நடந்தே பார்க்கலாம். காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள், தொப்பி கட்டாயம். எங்கள் இருவருக்கும் பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் முதல் நாள் ஒரு ஆளுக்குக் கொடுத்த பணம் முடியவில்லை. வரும்போது அந்தக் கடை அம்மாவைத் தேடிப்போய் ஒரு பெட்டி பனங்கட்டி கொடுத்துவிட்டு வந்தோம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பேஸ்புக் பக்கம் இப்போது வேறு பெயரில் திரும்ப ஓடுகிறது என்று போன கிழமை சிநேகிதி அனுப்பினாள். முகப்பில் போட்டிருப்பது பாலாவிக் கரையில் எங்களை நிற்க வைத்து எடுத்த அதே படம். கீழே "மகிழ்ச்சியான எங்கள் பயணிகள்" என்று எழுதியிருக்கிறார்கள். நாலு பெண்கள், நடுவில் நிற்கிறவருக்கு நீலத் தொப்பி. அது என் மச்சாள். அந்தப் படத்தைக் கண்டால் ஒரு ரூபாவும் போடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். முறைப்பாட்டில் சேர்க்க வேண்டும்.