வாரிசுக்குக் குகை கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் படங்கள் மூன்றையும் (2005, 2008, 2012) அடுத்தடுத்துப் பார்த்து முடிக்க ஏழரை மணி நேரத்திற்கும் மேல் ஆகும். அவ்வளவு நேரமும் பேட்மேனாக முகமூடி அணியும் புரூஸ் வெய்னின் பின்னால் நடந்த கதை, ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் ஜான் பிளேக் என்ற இளம் காவலனின் கையில் போய்ச் சேர்கிறது. இந்தக் கைமாற்றத்தை ஏற்பதா என்பதில் ரசிகர்கள் இன்றும் இரண்டுபட்டே நிற்கிறார்கள். முடிவைப் பற்றியே இங்கே பேசப்போவதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

வாரிசைத் தேர்ந்தெடுத்ததில் நோலன் தவறவில்லை; அவனுக்கு முடி சூட்டிய விதத்தில்தான் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கருத்து.

வாரிசு பற்றிய கவலை மூன்றாம் படத்தில் திடீரென முளைத்ததன்று. இரண்டாம் படத்தின் தொடக்கத்திலேயே பேட்மேன் வேடமிட்டு ரவுடிகளை விரட்டக் கிளம்பும் சாதாரண மனிதர்களைப் புரூஸ் கடுமையாக விரட்டிவிடுகிறான். அதே படத்தில், முகமூடியே தேவைப்படாத வாரிசாக அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டை நம்பி, அவனிடம் நகரத்தை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடலாம் என்று கனவு காண்கிறான். டென்ட்டின் வீழ்ச்சியோடு அந்தக் கனவு சிதைகிறது. அந்த வீழ்ச்சியை மறைக்கச் சொன்ன பொய்யின் மேல்தான் கோத்தம் நகரம் எட்டு ஆண்டுகள் அமைதியாக இருக்கிறது. எனவே பிளேக்கை டென்ட்டோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும். டென்ட் சட்டத்தின் உச்சியிலிருந்து சரிந்தவன். பிளேக் சட்டத்தின் அடிப்படியில் நின்று, அதன் போதாமையைக் கண்ட பிறகு தானாக விலகுபவன்.

அந்த விலகலைப் படம் பொறுமையாகவே கட்டியெழுப்புகிறது. தன்னைத் தாக்க வந்தவர்களைச் சுட நேர்ந்ததும், பிளேக் கையிலிருந்த துப்பாக்கியை அருவருப்போடு வீசி எறிகிறான். முதல் படத்தில் இளம் புரூஸ் தன் துப்பாக்கியைத் தண்ணீரில் எறிந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு செய்கையே போதும். அதைவிடச் சிறந்தது பாலத்துக் காட்சி. ஆதரவற்ற சிறுவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அவன் நகரத்தை விட்டு வெளியேற முயலும்போது, எதிர்க்கரையில் நிற்கும் காவலர்கள் மேலிடத்து உத்தரவைச் சொல்லிப் பாலத்தையே தகர்த்துவிடுகிறார்கள். தப்ப வழியில்லை என்று தெரிந்த பின்னும், அந்தப் பிள்ளைகள் நம்பிக்கை இழந்து சாகக் கூடாது என்பதற்காக அவர்களை மறுபடி பேருந்தில் ஏற்றச் சொல்கிறானே, அவன் பேட்மேனாகும் தகுதி பெற்றது அங்கேதான். இறுதியில் காவல் சின்னத்தை ஆற்றில் எறிவது, பாலத்தில் எடுத்த முடிவுக்கு இடும் கையொப்பம் மட்டுமே.

புரூஸின் முகத்தைப் பார்த்தே அவன்தான் பேட்மேன் என்று பிளேக் கண்டுகொள்வதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எனக்கு அதில் சங்கடமில்லை. பெற்றோரை இழந்து, உள்ளே கொதிக்கும் கோபத்தை மறைக்கக் கண்ணாடி முன் சிரித்துப் பழகிய ஒருவனுக்கு, அதே சிரிப்பை இன்னொருவன் முகத்தில் அடையாளம் காண சாட்சியம் தேவையில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு. புரூஸ் பேட்மேனாக உருவாவதற்கு முதல் படம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைச் செலவிட்டது. அப்படிப் பயின்றவனின் முதுகையே மூன்றாம் படத்தின் வில்லன் பேன் (Bane) முறித்துவிடுகிறான் என்றால், எந்தப் பயிற்சியும் இல்லாத பிளேக் பேட்மேனின் மறைவிடமான குகைக்குள் போய் என்ன செய்வான்? யாரும் பேட்மேன் ஆகலாம் என்று புரூஸ் அவனிடம் சொல்வதும், தனியாக இயங்குவதானால் முகமூடி அணிந்துகொள் என்று அறிவுறுத்துவதும் அறிவுரை ஆகுமே தவிரப் பயிற்சி ஆகாது. 165 நிமிடப் படத்தில் இதற்கு ஒரு காட்சிகூட ஒதுக்கப்படவில்லை என்ற குறையை என்னாலும் மறுக்க முடியவில்லை.

அதைவிட உறுத்துவது, அலுவலகப் பெண்ணொருத்தி பிளேக்கின் முழுப்பெயரில் ‘ராபின்’ இருப்பதைச் சொல்லும் இடம். சித்திரக்கதைகளில் 1940 முதல் பேட்மேனின் இளம் உதவியாளனாக வரும் ராபின்கள் பலர். தாய் தந்தையை இழந்த டிக் கிரேசன், பேட்மேன் யாரென்று தானே துப்பறிந்த டிம் டிரேக் ஆகியோரின் சாயல்கள் பிளேக்கிடம் ஏற்கெனவே இருக்கின்றன. சித்திரக்கதை அறிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை; அறியாதவர்களுக்கு அந்தப் பெயரால் பயனில்லை. போதாக்குறைக்கு, தனித்து நிற்கும் வாரிசாக வளர்த்த ஒருவனை அந்தப் பெயர் ஒரே நொடியில் உதவியாளன் நிலைக்கு இறக்கிவிடுகிறது. திரையரங்கில் கைதட்டல் வாங்குவதற்காக எழுதிய வசனம் என்றே படுகிறது.

இத்தனைக்கும் நடுவே பாத்திரம் தாங்கி நிற்கிறது என்றால், மிகையில்லாமல் நடித்திருக்கும் ஜோசப் கார்டன்-லெவிட் அதற்கு முக்கியக் காரணம். இந்தப் படத்தை மீண்டும் பார்க்க நினைப்பவர்கள் முதலில் இரண்டாம் படத்தைப் பார்த்துவிடுங்கள். டென்ட்டின் கதை மனத்தில் பசுமையாக இல்லாவிட்டால் பிளேக் வெறும் துணைப் பாத்திரமாகவே தெரிவான்.