வைட்டமின் பி12, டி ரத்தப் பரிசோதனை: ஆறு ஆண்டு அனுபவம்

2019இல் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கியது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவன் நான். சர்க்கரையின் வேலைதான் என்று நினைத்து, மருந்துக்கடையில் நரம்பு மாத்திரை கேட்டு வாங்கி நாற்பது நாள் விழுங்கினேன். குறையவில்லை. அதன் பிறகே டாக்டரிடம் போய் பி12 பரிசோதனை செய்துகொண்டேன். 640 என்று வந்தது. குறைபாடு இல்லை என்று மாத்திரையை நிறுத்தினேன்.

அந்த 640 என் உடம்பின் கணக்கே இல்லை. நரம்பு மாத்திரையில் இருந்தது மெத்தில்கோபாலமின், அதாவது பி12. ரத்தத்தில் தெரிந்தது அதுதான்.

2021இல் பார்த்த வேறொரு டாக்டர் முதலில் கேட்டதே, "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான். இந்த முறை பி12 148 பிகோகிராம். 200க்குக் கீழே போனாலே குறைபாடு. எனக்கு ரத்தசோகை இல்லை, சிவப்பணுக்களின் அளவும் சரியாகவே இருந்தது. ரத்தசோகை வராமலேயே பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும் என்று அவர் விளக்கினார். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நான் சைவம். வாரம் நான்கு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டும் இப்படியா என்று கேட்டேன். கீரையில் பி12 கிடையாது. பாலும் தயிரும்தான் எனக்கு வழி, அவை போதவில்லை.

பி12 ஊசி தொடங்கினோம். எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு நான்கு மாதத்தில் அடங்கியது.

வைட்டமின் டி கதை சிறியது. சீட்டில் வெறும் 'வைட்டமின் டி' என்றிருந்ததால் ஒரு பரிசோதனை நிலையத்தில் 1,25 டைஹைட்ராக்சி என்ற வடிவத்தைப் பார்த்துவிட்டார்கள். இயல்பு என்று வந்தது. உடம்பின் இருப்பைக் காட்டுவது 25 ஹைட்ராக்சி. அதைப் பார்த்தபோது 14 நானோகிராம், குறைவுதான். டாக்டர் சொன்னபடி வாரம் ஒருமுறை 60,000 யூனிட், எட்டு வாரம், பிறகு 34.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள். சில கருவிகளில் பி12, டி இரண்டையுமே அது பொய்யாக உயர்த்திக் காட்டும். நான் இப்போது கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டின் மேலேயே எழுதிக்கொடுக்கிறேன். ஒரே நிலையத்தில்தான் பார்க்கிறேன்.

கடந்த முறை பி12 410. இடது கால் பெருவிரலில் மட்டும் மரப்பு இன்னும் போகவில்லை.