அப்ரூவ்டு மனையா, பட்டா புஞ்சையா? பாதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

முதலீட்டுக்கென்று மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் காலி இடம் தேடினால் தரகர்கள் இரண்டு வகை காட்டுவார்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் உள்ள லேஅவுட் மனை, அதாவது மனைப்பிரிவில் உள்ள மனை, ஒன்று; விவசாயியிடம் நேரடியாக வாங்கும் புஞ்சை நிலம் இன்னொன்று. ஒரு மனைக்குக் கேட்கிற பணத்தில் அரை ஏக்கர் புஞ்சை வரும் என்று ஆசை காட்டினார்கள். நான் மனையைத்தான் வாங்கினேன். அந்தச் சாய்வு இதில் இருக்கும்.

வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), மூலப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) எல்லாவற்றையும் பார்ப்பது இரண்டுக்கும் பொது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். பதியாத உயிலும் வாய்வழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது. பூர்வீகச் சொத்தென்றால் மகள்களின் கையெழுத்தும் வேண்டும். டிடிசிபி எண் இருக்கிறதே என்று இதையெல்லாம் விடக்கூடாது. அங்கீகாரம் மனைப்பிரிவுக்குத்தான், விற்பவரின் உரிமைக்கு அல்ல.

என்னை மனைப் பக்கம் தள்ளியது பாதை.

நான் பார்த்த புஞ்சைக்கு வண்டி தாராளமாகப் போனது. பத்திரத்தின் செக்குபந்தியிலும் (நான்கு எல்லை விவரம்) 'கிழக்கே வண்டிப்பாதை' என்றிருந்தது. புலப்படத்தை (அந்த சர்வே எண்ணின் அரசு அளவை வரைபடம்) எடுத்துப் பார்த்தால் கிழக்கே பாதையே இல்லை. அடுத்த சர்வே எண், அது வேறொருவர் பட்டா. அ-பதிவேட்டிலும் அங்கே பாதைப் புறம்போக்கு, அதாவது அரசுப் பாதை, என்று எதுவும் இல்லை. "காலங்காலமா இப்படித்தாண்ணே போறோம், யாரு மறிக்கப் போறா?" என்றார் தரகர். இன்றைய பட்டாதாரர் மறிக்கமாட்டார், சரி. அவர் பிள்ளைகள் விற்று, வாங்குகிறவர் கம்பிவேலி போட்டால்? அப்போது அந்தப் பாதையை 20 ஆண்டு தடையின்றி உரிமையாகப் பயன்படுத்தியதை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி நாம்தான் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். முதலீட்டுக்கு வாங்கியவன் வழக்கு நடத்தவா வாங்கினான்?

லேஅவுட்டில் இந்தத் தலைவலி இல்லை. உட்சாலைகளைத் தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். லேஅவுட் போட்டு விற்கும் புரமோட்டர் வார்த்தையை நம்பாமல், லேஅவுட்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு அந்தத் தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகார வரைபடத்தில் உங்கள் மனைக்கு முன்னால் எத்தனை அடிச் சாலை என்று பார்த்து, நேரில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நான் அளந்தபோது புரமோட்டரின் ஆள் கொஞ்சம் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும்.

விற்கும்போதும் பாதைதான் பேசும். "பிறகு பிளாட் போட்டு வித்துக்கலாம் சார்" என்பது புஞ்சைத் தரகர்களின் பல்லவி. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வந்தபிறகு, 2016 அக்டோபர் 20க்குப் பின் அங்கீகாரமில்லாத புது மனையைப் பதிய முடியாது. அங்கீகாரம் கேட்கப் போனால் முதலில் பொதுச்சாலை எங்கே என்பார்கள். பாதையில்லாத அரை ஏக்கரை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பட்டாதாரர்தான். விலையும் அவர் சொல்வதுதான்.

மனையிலும் குறை உண்டு. எல்லைக் கல் காணாமல் போகும், சீமைக்கருவேலம் மண்டும், காலிமனை வரி கட்ட வேண்டியும் வரலாம். சும்மா கிடக்கும் மனையில் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. புஞ்சையைக் குத்தகைக்காவது விடலாம். நான் இன்னும் என் மனையை விற்கவில்லை, அதனால் லாபத்தில் எது ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பக்கத்திலேயே தொழிற்பேட்டை ஏதும் வந்தால் என் கணக்கைப் புஞ்சை தூக்கிச் சாப்பிட்டுவிடலாம்.

புலப்படத்திலேயே அரசுப் பாதையைத் தொட்டுக் கிடக்கும் புஞ்சை, ஒரே பட்டாதாரர், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார் என்றால் நானே யோசித்திருப்பேன். எனக்குக் காட்டியவற்றில் அப்படி ஒன்றும் இல்லை.